கோமதி மாமியின் ஞாயிற்றுக்கிழமை

காலை எட்டரை மணி. என் அக்கா சுபா ஆபீசுக்குக் கட்டிய புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, குளியலறையில் குந்தி உட்கார்ந்து குழந்தைத் துணிகளைக் கும்மிக்கொண்டிருக்கிறாள். ஹாலில், மின்விசிறிக்கு நேர் கீழே, வீட்டிலிருந்த ஒரே நல்ல நாற்காலியில் கோமதி மாமி காபி குடிக்கிறார். அவர் மடியில் அக்காவின் பிள்ளை நந்து.

"மாமி, சர்க்கரை சரியா இருக்கா?" என்று குளியலறையிலிருந்து அக்கா கத்துகிறாள்.

"இருக்குடி. நீ கிளம்பலையோ? பஸ் போயிடப் போறது."

"இதோ, இன்னும் ரெண்டு துணிதான்!"

இந்த இருவரில் யார் யாரை வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று ஒரு போட்டி வைத்தால் பரிசு யாருக்கும் கிடைக்காது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள அக்கா சம்பளத்துக்கு அமர்த்தியவர் கோமதி மாமி!

ஷிஃப்ட் முடிந்து வந்து, தூக்கக் கலக்கத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்த அத்திம்பேர் என் காதோரம் குனிந்தார். "உமா, மாமி நம்ம வேலைல திருப்தியா இருக்காளான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்."

அன்றைக்குச் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

பெண் பார்க்கும் படலம்

போன வாரம் இதே பக்கத்தில், பாண்டிபஜார் மாடி ஒன்றில் செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஏ.சி. அறைக்குள் கம்ப்யூட்டரைக் கும்பிடாத குறையாக நுழைந்த கதையை எழுதியிருந்தேன். அந்த வகுப்புக்காகத்தான் மயிலாப்பூரில் அக்கா வீட்டில் டேரா போட்டிருந்தேன். இது நடந்து நாலைந்து வருஷம் இருக்கும். தெருவில் பாதி வீடுகளுக்குக் கேபிள் டிவி வந்திருந்தது, குழாயில்தான் தண்ணீர் வரவில்லை.

அக்காவுக்கு அண்ணா சாலையில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ். அவள் கணவருக்கு, அதாவது என் அத்திம்பேருக்கு, அம்பத்தூரில் ஃபாக்டரி. அவருக்கு அம்மா இல்லை. எங்கள் அப்பா, அம்மா ரயில்வே வேலையாக ஈரோட்டில். பிரசவ லீவு தீர்ந்து, சம்பளமில்லாத லீவும் தீர்ந்து, இனி ஒரு நாள் கூடக் கிடையாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அதோடு, ஆபீசர் ஆவதற்கான பரீட்சைக்கும் அக்கா பெயர் கொடுத்திருந்தாள். கர்ப்பமாக இருக்கும்போதே, வயிற்றின் மேல் புத்தகத்தைச் சாய்த்துவைத்துப் படித்தவள் அவள்.

"ஆள் தேடற வேலையை என்கிட்ட விடு," என்றேன். எதையாவது என்னிடம் விடச் சொல்வது அப்போது என் வியாதி. மொபெட்டை எடுத்துக்கொண்டு மாட வீதி, மந்தைவெளி, லஸ் என்று சுற்றி, மளிகைக் கடை முதல் டெய்லர் கடை வரை சொல்லிவைத்தேன். அடுத்த வாரமே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அக்காவும் அத்திம்பேரும் சோபாவில் ஜோடியாக உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். கேசரி, பஜ்ஜி மட்டும்தான் இல்லை.

ஒரு பெண் உள்ளே வந்ததும் டிவியைத்தான் பார்த்தாள். "ஊட்ல கேபிள் கனெக்‌ஷன் இருக்குதாக்கா?" இல்லை என்றதும் வந்த வழியே போய்விட்டாள். இன்னொரு அம்மா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள். இரண்டு நிமிஷத்தில் குழந்தை விழித்திருந்தது, அந்த அம்மா தூங்கிப் போயிருந்தாள்.

அப்புறம் பிலோமினா வந்தாள். சாந்தோம் பக்கத்துக் குப்பம். கூந்தலில் கனகாம்பரம், குரலில் கடற்காற்று.

"இன்னாமா இது, இந்தப் பிஸ்கோத்து சைஸு கொயந்தைக்கா இவ்ளோ கேள்வி? கலெக்டரு வேலைக்குக்கூட இத்தினி கேக்க மாட்டாங்கோ," என்றாள். நந்து அதற்குள் அவள் கழுத்துச் சிலுவையைப் பிடித்திழுத்து வாயில் போட்டுக்கொண்டான். "தோ, அவனே ஆர்டர் போட்டுட்டான் பாரு. ஆனா ஒண்ணு. ஞாயித்துக்கெயமை வர மாட்டேன். இப்பவே சொல்லிக்கினேன்."

"சரிம்மா," என்றாள் அக்கா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

பிலோமினா படியிறங்கியதும் அத்திம்பேர் தொண்டையைக் கனைத்தார். "பால் காய்ச்ச அவ சமையல் ரூமுக்குள்ள போகணுமே. மாமா வந்தா என்ன சொல்வார்?"

அத்திம்பேரின் அந்த மாமா நாக்பூரில் இருந்தார். அந்த வீட்டில் நான் தங்கியிருந்த காலம் முழுக்க அவர் ஒரு தடவையும் வரவில்லை. ஆனால் வராத மாமாவுக்குப் பயந்து, வந்த பிலோமினாவை அனுப்பிவிட்டோம்.

நமக்குள்ள என்ன?

கல்யாணச் சமையல்காரர் ராஜாமணி, அத்திம்பேருக்குச் சிநேகிதர். அவர்தான் கோமதி மாமியைப் பற்றிச் சொன்னார். "நம்மவா. மேற்கு மாம்பலத்துல ஒண்டிக்கட்டையா இருக்கா. ஆத்துக்காரர் வடக்கே போனவர், போனவர்தான். நன்னா வாழ்ந்த குடும்பம். வேலைக்காரின்னு மட்டும் நினைச்சுடப்படாது, ஆமா."

நாங்கள் நினைக்கவில்லை. அதுதான் கதையே.

மாமி வந்த முதல் நாள் கண்ணெதிரே நிற்கிறது. வெளிர்நீலப் புடவை, கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை, பக்கத்தில் வந்தால் சந்தன சோப்பு மணம். உட்கார்ந்ததும் வீட்டைச் சுற்றிப் பார்க்கவில்லை, எங்கள் குலம் கோத்திரம் கேட்கவில்லை. நேரே அக்காவைப் பார்த்துக் கேட்டார்: "காத்தால எத்தனை மணிக்கு வரணும்? சாயங்காலம் எப்போ கிளம்பலாம்? வாரத்துல எந்த நாள் வரவேண்டாம்?"

அக்கா இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ மாமி! நமக்குள்ள என்ன இதெல்லாம்? உங்காத்துக்கு வர மாதிரி வாங்கோ. உங்காம் மாதிரி இருங்கோ."

மாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நந்து சிணுங்கினான். அவர் சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் குழந்தையை எடுத்துக்கொண்டார்.

அவருக்கும் நந்துவுக்கும் அப்படி ஒரு ஒட்டுதல். தாலாட்டெல்லாம் பாட மாட்டார். பஸ்ஸில் பார்த்ததைச் சொல்வார். "இன்னிக்குக் கண்டக்டர் என்ன பண்ணினான் தெரியுமாடா? விசிலைத் தொலைச்சுட்டான். ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்கா கையைத் தட்டிண்டே வந்தான்." ஏழு மாதக் குழந்தை, பொக்கை வாயைத் திறந்தபடி, முழுக் கதையும் கேட்கும். கேட்டுக்கொண்டே கஞ்சியும் உள்ளே போய்விடும். என்னிடம் அதே கிண்ணம் வந்தால் பாதி என் சுடிதாரில்.

ஆனால் மாமியிடம் வேலை சொல்ல முடியவில்லை. எப்படிச் சொல்வது? வயசில் பெரியவர், நம்மவர். அதனால்தான் குழந்தைத் துணி அக்கா தலையில் விழுந்தது. சம்பளத்தைக் கையில் கொடுக்கவும் கூச்சம். ஸ்வாமி அலமாரியில் வைத்துவிட்டு, "மாமி, அங்கே ஒண்ணு வெச்சிருக்கேன்" என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொல்வாள், ஏதோ திருட்டுச் சாமான் மாதிரி.

எப்போது கிளம்பலாம் என்பதையும் யாரும் சொல்லவில்லை. அக்கா ஆறரைக்கு வருவாள். வந்ததும், "ஒரு வாய் காபி சாப்பிட்டுட்டுப் போங்கோ மாமி" என்பாள். காபி முடிவதற்குள் நந்துவுக்குத் தூக்கம் வரும். தூங்கப் போட்டால், "ராத்திரி தனியா எதுக்குச் சமைக்கணும்? ரெண்டு தோசை வார்த்துத் தரேனே" என்பாள். மாமி பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போது கச்சேரி ரோட்டுக் கடைகளில் பாதி மூடியிருக்கும்.

கடைசிப் பந்தி

ஞாயிற்றுக்கிழமை எப்படிப் பறிபோனது என்று யோசித்தால், அதுவும் ஒரு சாப்பாட்டில்தான் ஆரம்பித்தது. "ஒருத்திக்காக அடுப்பு மூட்டணுமா? இங்கேயே சாப்பிட வந்துடுங்கோ" என்று அக்கா ஒரு ஞாயிறு கூப்பிட்டாள். மாமி வந்தார். அடுத்த ஞாயிறும் கூப்பிட்டாள். அதற்கடுத்த ஞாயிறு யாரும் கூப்பிடவில்லை, மாமி வந்திருந்தார். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்டிருப்போமே.

முகூர்த்த நாள் என்றால் கல்யாணத்துக்கும் அழைத்துப் போவோம். தி. நகரில் ஒரு சத்திரத்தில் நடந்தது மறக்கவில்லை. அக்கா தன் பட்டுப்புடவை ஒன்றை மாமிக்குக் கட்டக் கொடுத்திருந்தாள். கேட்டவர்களிடமெல்லாம், "எங்க சித்தி மாதிரி" என்று அறிமுகம் செய்தாள். மனசாரத்தான் சொன்னாள், என் அக்காவுக்கு நடிக்கத் தெரியாது.

முதல் பந்தியில் அக்காவும் அத்திம்பேரும் உட்கார்ந்தார்கள். இரண்டாவதில் நான், கம்ப்யூட்டர் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று. மாமி குழந்தையை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். நான் கை கழுவிவிட்டு வரும்போது கடைசிப் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமி நந்துவை மடியில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பாயசம் தீர்ந்துபோயிருந்தது.

"என்ன மாமி, சாப்பாடு நன்னாருந்துதா?" என்று அக்கா பிறகு கேட்டாள்.

"இருந்தது," என்றார் மாமி. பட்டுப்புடவையில் நந்து கொட்டிய ரசத்தை ஈரக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டிருந்தார்.

எதுக்குன்னு சொன்னாத்தான்

கத்திரி வெயில் காலத்தில் ஒரு சாயங்காலம், கூடையை எடுத்துக்கொண்டு புறப்பட்ட மாமி வாசலில் நின்றார்.

"சுபா, ஞாயித்துக்கிழமை நான் வரலைடி. இனிமே எந்த ஞாயித்துக்கிழமையும்."

அக்கா பதறிப் போனாள். "ஏன் மாமி, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நன்னாத்தான் இருக்கேன்."

"கோவிலுக்குன்னா சொல்லுங்கோ. இவர் ஸ்கூட்டர்ல கொண்டு விடுவார்."

"கோவிலுக்கு வெள்ளிக்கிழமை இங்கேர்ந்தே போயிடறேனே."

"சொந்தக்காரா யாராவது வராளா? இங்கேயே கூட்டிண்டு வாங்கோ. சேர்ந்து சாப்பிட்டாப் போச்சு."

"யாரும் வரலை."

"பின்னே எதுக்கு மாமி?"

மாமி கூடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். கோபமெல்லாம் இல்லை. "எதுக்குன்னு சொன்னாத்தான் கிடைக்குமா?"

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "என்கிட்ட சொல்லப்படாதா? நான் என்ன வேத்து மனுஷியா?"

"வேத்து மனுஷான்னா இவ்வளவு கேக்க மாட்டாளேடி," என்றார் மாமி.

எனக்குச் சட்டென்று பிலோமினாதான் நினைவுக்கு வந்தாள். அவள் கேட்ட ஞாயிற்றுக்கிழமையை அக்கா ஒரு 'சரிம்மா'வில் தந்தாளே! அவள் எங்களுக்கு யாரோ என்பதால்.

அந்த ஞாயிறு அக்காவுக்குப் பரீட்சை. அதைச் சொன்னதும் மாமி கூடையைக் கீழே வைத்தார். "முன்னாடியே சொல்லப்படாதோ? சரி, இந்த வாரம் வரேன். நீ நன்னா எழுது. அடுத்த வாரத்துலேர்ந்து வரலை." சொன்னபடியே வந்தார். அக்கா பரீட்சை எழுதிவிட்டுத் திரும்பும்போது நந்து குளித்து, சாப்பிட்டு, நெற்றியில் மையோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

இடைப்பட்ட நாட்களில் வீட்டில் ஒரே ஆராய்ச்சி. வேறு எங்கோ வேலைக்குப் பேசுகிறார், அடையாறில் பெரிய பங்களா என்றார் அத்திம்பேர். வடக்கே போன கணவர் திரும்பி வந்துவிட்டாரோ என்றாள் அக்கா. நான் ஒரு படி மேலே போய், மாமி ரகசியமாக வீணை கற்றுக்கொள்கிறார் என்றேன். சும்மா இருப்பதற்காக ஒருவர் ஒரு நாளைக் கேட்பார் என்று எங்கள் மூவர் மூளைக்கும் எட்டவில்லை.

மேற்கு மாம்பலத்து மாடி

மாமி வராத முதல் ஞாயிறு. பத்து மணிக்குள் நந்து வாசல் கதவைப் பார்த்து மூன்று முறை கையை நீட்டிவிட்டான். அக்காவுக்குத் தாங்கவில்லை.

"பாவம், தனியா என்ன பண்றாளோ. நாமளே போய்ப் பார்த்துட்டு வந்தா எவ்வளவு சந்தோஷப்படுவா!"

எவ்வளவு நல்ல யோசனை! மூவருக்குமே அப்படித்தான் பட்டது. ஆப்பிள் வாங்கினோம், மைசூர்பாகு வாங்கினோம். ஸ்கூட்டரில் அவர்கள் மூவர், பின்னால் மொபெட்டில் நான். துரைசாமி சப்வேயில் நுழைந்து, ராஜாமணி சொன்ன அடையாளத்தை வைத்துச் சந்து சந்தாகத் தேடிக் கண்டுபிடித்தது நான்தான். பெருமை வேறு.

மொட்டை மாடியில் ஒற்றை அறை. கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே ரேடியோவில் சினிமாப் பாட்டு, சன்னமாக. எட்டிப் பார்த்தேன்.

பாயில் மாமி படுத்திருந்தார். பூப்போட்ட நைட்டி. தலைக்குக் குளித்த கூந்தலைத் தலையணைக்கு அப்பால் தரையில் விரித்துப் போட்டிருந்தார். மார்பின் மேல் பிரித்தபடி ஒரு வாரப் பத்திரிகை. பக்கத்தில் தட்டில் சப்பிப்போட்ட மாங்கொட்டை. கால் கட்டைவிரல் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான். அதற்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

"மாமீ!" என்றாள் அக்கா, குழந்தையை முன்னால் நீட்டி. "யார் வந்திருக்கா பாருங்கோ!"

மாமி துள்ளி எழுந்தார். கை முதலில் கொடியில் கிடந்த துண்டைத் தேடியது, தோளை மூட. அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். பரீட்சையில் இன்னும் பாதி விடை பாக்கியிருக்கும்போது மணியடித்துத் தாளைப் பிடுங்க வருகிறவரைப் பார்ப்போமே, அந்தப் பார்வை. ஒரு கணம்தான். அடுத்த கணம், "வாங்கோ, வாங்கோ" என்று சிரித்து, நந்துவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் பால் இல்லை. கீழ்வீட்டில் கடன் வாங்கி வந்து காபி போட்டார். கீழ்வீட்டு அம்மாள் படியில் நின்றபடியே கேட்டார், "யாரு மாமி, சொந்தக்காராளா?"

மாமி வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "ஆமாம்!"

சாயங்காலம் விளக்கேற்றும் வரை உட்கார்ந்திருந்தோம். மாமி உப்புமா கிளறினார். நந்துவுக்கு மாடியிலிருந்து ரயில் காட்டினார். எப்போது ரேடியோவை நிறுத்தினார் என்று நான் கவனிக்கவில்லை. படியிறங்கும்போது அத்திம்பேர் சொன்னார், "பாத்தியா, அவா முகத்துல எவ்ளோ சந்தோஷம்!"

மறுநாள் மாமி வழக்கம்போல வந்தார். வழக்கம்போல பஸ் கதை சொன்னார். சாயங்காலம் கூடையை எடுத்தபடி, இந்த மாசத்தோடு நின்றுகொள்வதாகச் சொன்னார். தி. நகரில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சேரப் போகிறாராம்.

"அங்கேயெல்லாம் ஆயான்னு கூப்பிடுவா மாமி," என்றாள் அக்கா.

"கூப்பிடட்டுமே. ஆறு மணிக்கு கேட்டைச் சாத்திடறா. ஞாயித்துக்கிழமை பூட்டு."

"நாங்க உங்களை ஒரு நாளாவது வேலைக்காரி மாதிரி நடத்தியிருக்கோமா?"

"நடத்தியிருந்தா இருந்திருப்பேனேடி." மாமி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "குழந்தைத் துணியைத் தோய்க்கச் சொல்லியிருந்தா தோய்ச்சிருப்பேன். நீதான் எதையுமே சொல்லலை. எப்போ போகலாம்னும் சொல்லலை."

பாண்டிபஜார்

பரீட்சை முடிவு வந்தது. அக்கா தேறியிருந்தாள். ஆபீசர் வேலை, செங்கல்பட்டுக் கிளையில். காலை ஆறரைக்கு ரயில் பிடிக்க வேண்டும்.

நான் மறுபடி மொபெட்டை எடுத்தேன். சாந்தோமில் பிலோமினாவைத் தேடிப் பிடித்தேன். "அப்பவே கூப்ட்டிருந்தா வந்திருப்பேன்மா. இப்ப அடையாத்துல ஒரு ஊட்ல கீறேன். அந்தக் கொயந்தை என்னிய உடாது," என்றாள். வேறு இரண்டு பேர் வந்தார்கள், சில நாளில் நின்றுவிட்டார்கள். நந்து யாரிடமும் கஞ்சி குடிக்கவில்லை. அக்கா ஒரு மத்தியானம் ஆபீசில் உட்கார்ந்து, பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். இன்றைக்கும் அதே மேஜைதான்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை, பாண்டிபஜார். பாதிக் கடைகள்தான் திறந்திருந்தன. ஒரு ஜூஸ் கடை வாசலில் கோமதி மாமி நின்று சாத்துக்குடி ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார், அவசரமே இல்லாமல், ஸ்ட்ராவால் கலக்கிக் கலக்கி.

"மாமி!"

"அடி உமா! இளைச்சுட்டியே. கம்ப்யூட்டரெல்லாம் முடிச்சுட்டியா?" என்றார். பிறகு, "நந்து எப்படி இருக்கான்?"

"ஓடறான் மாமி. பிடிக்க முடியலை."

"என்னை ஞாபகம் வெச்சிருக்கானோ?"

"ஓ, நன்னா ஞாபகம் இருக்கே!" என்றேன். அவன் மறந்து எத்தனையோ மாதமாகிவிட்டது. மாமி ஜூஸைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

"வண்டில ஏறுங்கோ மாமி. பத்தே நிமிஷம். அக்கா உங்களைப் பார்த்தா அழுதுடுவா."

"வரேண்டி. எனக்கும் பாக்கணும்னுதான் இருக்கு. புதன்கிழமை வேலை முடிஞ்சதும் நேரா வரேன்."

"இன்னிக்கே வரலாமே?"

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைடி," என்றார் மாமி. ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார்.

தம்ளரைக் கடைக்காரரிடம் கொடுத்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். எங்கே போறேள் மாமி என்ற கேள்வி என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மொபெட்டை மிதித்துக் கிளப்பினேன். அவர் பனகல் பார்க் பக்கம் நடந்தாரா, ஸ்டேஷன் பக்கம் திரும்பினாரா, தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.